ஜி.எஸ்.டி. சாலையில் ஒழுகிய கார்கள்

காட்டாங்குளத்தூரில் என் ஷெட் இருக்கும் இடத்திலிருந்து வடக்கே போனால் பெருங்களத்தூர். தெற்கே போனால் மறைமலை நகர், அதையும் தாண்டினால் சிங்கப்பெருமாள் கோவில். எல்லாம் ஒரே ஜி.எஸ்.டி. சாலை, ஒரே மின்சார ரயில் பாதை. இந்த மூன்று ஊர்ப்பக்கமும் மூன்று காலத்தில் கார் செய்திருக்கிறார்கள். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட், மறைமலை நகரில் ஃபோர்டு, சிங்கப்பெருமாள் கோவிலை ஒட்டிய மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. இந்தப் பக்கத்துக் கார்த் தொழிலைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை லட்சம் கார், எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை என்று எழுதுகிறார்கள். எழுத வேண்டியதுதான். எனக்குத் தெரிந்தது ஒழுகல். ஒவ்வொரு காலத்துக் காரும் மழைத் தண்ணீரை ஒவ்வொரு விதமாகச் சமாளித்தது. அதற்கேற்ப இந்தச் சாலையோரத்து டிங்கரும் மெக்கானிக்கும் கைவேலையை மாற்றிக்கொள்ள வேண்டி வந்தது. கடைசியாக வந்த சன்ரூஃப், அதுவரை கற்றதையெல்லாம் தலைகீழாகப் புரட்டிப் போட்டது.

ஸ்டாண்டர்டிலிருந்து தொடங்குகிறேன். 1948இல் உருவான கம்பெனி. வான்கார்டு, டென், பென்னன்ட் என்று பிரிட்டிஷ் கார்களைச் செய்துவந்தவர்கள் 1961இல் ஹெரால்டைக் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்த அதே கார்தான். வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கட்டிய விதம் வேறு. பாடி முழுவதையும் ஒரே கூடாகப் பற்றவைக்கும் முறை உலகமெங்கும் பரவிக்கொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு தனிச் சேஸிஸ்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டிய கார். அதற்கொரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் அவர்களுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்துத் தர ஆளில்லாமல் போகவே, பல சின்ன இடங்களில் துண்டுகளாகச் செய்து பூட்டினார்கள். வெளிநாட்டுக்குப் பெட்டியில் போட்டு அனுப்பிப் பூட்டிக்கொள்ளவும் அது வசதியாக இருந்தது. கூரையே தனித்துண்டு. ஸ்பேனர் இருந்தால் கழற்றி இறக்கிவிடலாம்.

துண்டுக்குத் துண்டு இணைப்பு, இணைப்புக்கு இணைப்பு ஒரு ரப்பர் பட்டை. ரப்பர் புதிதாக இருக்கும்வரை வம்பில்லை. நம்மூர் வெயிலில் நாலைந்து கோடை காய்ந்தால் ரப்பர் வெடித்துப் போகும். ஐப்பசி மழைக்கு முன்கண்ணாடியின் கீழ்மூலையில் தண்ணீர் நுழைந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, ஓட்டுபவரின் செருப்பை நனைக்கும். 1960களின் கடைசியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்த ஹெரால்டும், 1970களில் கேஸலும் வந்தன. 1985இல் ஆசையோடு இறக்கிய ஸ்டாண்டர்ட் 2000 ஓடவில்லை. 1988இல் தொழிற்சாலையே நின்றது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அங்கே பாடி ஷாப்பில் இருந்தவர். கம்பெனி நின்றதும் தாம்பரத்தில் சின்னதாக ஷெட் போட்டார். ஒழுகல் என்று கார் வந்தால் அவர் முதலில் எதையும் பூச விடமாட்டார். உள்ளே இருக்கும் பாய், ரெக்ஸின், சீட் எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போடச் சொல்வார். தகரம் நன்றாகக் காய்ந்த பிறகு இணைப்புகளின் உள்பக்கம் முழுவதும் குட்டிகூரா பவுடரைத் தூவுவார். ஒரு பையன் வெளியே நின்று கீழிருந்து மேலாக, மிக மெதுவாக, தண்ணீர் பிடிக்க வேண்டும். மேலிருந்து பிடித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து எது எதென்று தெரியாமல் போகும். இவர் உள்ளே டார்ச்சோடு குப்புறப் படுத்திருப்பார். பவுடரில் ஒரு கோடு கரைந்து ஓடும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பின்தொடர்ந்து போவார். “சொட்டுற இடம் வேற, நுழையுற இடம் வேறடா தம்பி. சொட்டுற இடத்துல பூசுனா மழைக்கு மழை பூசிக்கிட்டே இருக்கணும்” என்பார். இடம் தெரிந்த பிறகுதான் ரப்பர் சொல்யூஷனும் பழைய டியூபை வெட்டிய துண்டும் எம்-சீலும் வெளியே வரும்.

அம்பாசடரும் பத்மினியும் இந்த விஷயத்தில் ஹெரால்டைவிட நல்ல பிள்ளைகள். கூரை விளிம்பைச் சுற்றி ஓடிய அந்தத் தகரக் கால்வாயை இன்றைய பிள்ளைகள் கேரியர் மாட்டும் இடம் என்று நினைக்கிறார்கள். கூரையில் விழுந்த மழை கதவுக்குள் வழியாமல் முன்னும் பின்னும் போய் இறங்கத்தான் அது. அந்தக் கார்களுக்கு நோவு கதவின் அடியில். கண்ணாடியோரமாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் உண்டு. பெயின்ட் அடிக்கிறவர் பட்டி பார்த்து அதையும் சேர்த்து மூடிவிடுவார். கதவு உள்ளிருந்தே துருப்பிடித்து அப்பளமாக உதிரும். இந்தச் சாலையில் டிங்கர்களுக்கு ஒரு தலைமுறைக்குச் சோறு போட்டது அந்த மூடிய ஓட்டைகள் என்றால் மிகையில்லை.

பிறகு மறைமலை நகர். 1995இல் மகிந்திராவும் ஃபோர்டும் கூட்டுச் சேர்ந்தார்கள். 1999இல் ஐகான் வந்தது. இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு அது புதுப் பாடம். பாடி முழுவதும் ஒரே கூடு. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம், அதற்குள் பற்றவைப்பு, சீலன்ட், மேலே ஒரு ரப்பர் பட்டை. கண்ணாடி ரப்பரில் செருகியிருக்காது, பசை போட்டு ஒட்டியிருக்கும். தொழிற்சாலையை விட்டு இறங்கும் முன் ஒவ்வொரு காரையும் நாலாபக்கமும் தண்ணீர் பீய்ச்சும் கூண்டுக்குள் விட்டு, ஒழுகுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். இப்போது எல்லாக் கார்த் தொழிற்சாலைகளிலும் அதுதான் நடைமுறை. அப்படி வந்த கார் ஒழுகினால், விபத்தில் அடிபட்டு யாரோ சரியாகப் பற்றவைக்கவில்லை என்று பொருள். மழைக்காலத்தில் கார்பெட் நனைந்து வந்த வண்டிகள் குறைந்தன. வந்தவற்றிலும் பாதி ஏசியால் வந்த வினை. ஏசி பெட்டியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் முன்சீட்டுக் காலடியில் ஈரம் நிற்கும். சித்திரையில் நனைந்தால் ஏசி, ஐப்பசியில் நனைந்தால் மழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். டிங்கர்கள் பலர் பெயின்ட் வேலைக்கும், இன்சூரன்ஸ் வேலைக்கும் நகர்ந்தார்கள். பவுடர் தூவி ஒழுகல் தேடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

அந்த இடைவெளியில்தான் சன்ரூஃப் வந்தது.

கூரையைத் திறக்கும் கார் புதிதல்ல. 1930களின் மோரிஸ் எய்ட் போன்ற சின்ன பிரிட்டிஷ் கார்களிலேயே பின்னுக்குத் தள்ளும் கூரை உண்டு. அந்தக் காலத்துக் கார்களிலும் தூண்களுக்குள் வடிகுழாய் ஓடியது. அதுவும் அடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த மரச்சட்டத்தை மக்க வைத்தது. நோவு அவ்வளவு பழசு. நம் சாலையில் அது பெரிய வண்டிகளில் முதலில் தெரிந்தது. 2007 மார்ச்சில் மகிந்திரா சிட்டியில் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை திறந்தது. ஃபோர்டு எண்டெவரின் 2016 மாடலில் அகலமான கண்ணாடிக் கூரை வந்தது. 2018இல் எக்கோஸ்போர்ட்டிலும் வைத்தார்கள். அதற்குப் பிறகு தடுக்க முடியவில்லை. 2019இல் ஹூண்டாய் வென்யூ, 2020இல் புதிய கிரெட்டா, 2023இல் சின்ன எக்ஸ்டரில்கூட. எல்லாம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தவை. 2024இல் இனால்ஃபா என்ற டச்சுக் கம்பெனியும் கேப்ரியல் என்ற இந்தியக் கம்பெனியும் சேர்ந்து சன்ரூஃப் செய்வதற்கென்றே சென்னைப் பக்கம் ஒரு தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022 ஜூலையில் மறைமலை நகரில் கடைசிக் காரை இறக்கியது. ஆனால் அவர்கள் விற்ற எக்கோஸ்போர்ட்டுகள் இன்னும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. அவற்றின் கூரைக்கு வயதாகிறது.

இந்த வெயிலில் எதற்குக் கூரையில் கண்ணாடி என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க மாட்டேன் நான். மாலையில் கோவளம் பக்கம் போகும்போது பிள்ளைகள் வானத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். தலையை வெளியே நீட்டி நிற்க மட்டும் விடாதீர்கள். ஒரு சடன் பிரேக் போதும். வேண்டாம்.

சன்ரூஃப் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமல் அதன் ஒழுகலைச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை. தடுக்கும்படி அது வடிவமைக்கப்படவும் இல்லை. கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அடியில் ஒரு தட்டும் ஓரமாக ஒரு வாய்க்காலும் வைத்திருக்கிறார்கள். வாய்க்காலின் மூலைகளில் குழாய் வாய். பெரும்பாலான கார்களில் நான்கு. முன்பக்கக் குழாய்கள் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி, முன்கதவுக் கீல் பக்கமோ முன்சக்கரத்துக்கு மேலேயோ வெளியே வரும். பின்பக்கக் குழாய்கள் பின்தூணுக்குள் இறங்கி, பின்சக்கரத்துக்கோ பம்பருக்கோ பின்னால் முடியும். குழாய் சுண்டுவிரலைவிட ஒல்லி. சில கார்களில் நுனியில் ரப்பர் மூக்கு ஒன்று இருக்கும். தண்ணீர் வெளியே போகலாம், புழுதியும் பூச்சியும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்பார்கள். இங்கே பொத்தேரி, நந்திவரம், ஆதனூர் என்று ஊருக்கு ஊர் ஏரி, ஏரிக்கு ஏரி கலங்கல். சன்ரூஃபின் வாய்க்காலும் குட்டி ஏரிதான். கலங்கல் அடைத்துக்கொண்ட ஏரியில் கரை எங்கே பலவீனமோ அங்கே உடைப்பெடுக்கும். வடிகுழாய் அடைத்துக்கொண்ட காரில் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் ஒழுகும். சர்வீஸ் ரோட்டுச் சரிவில் மூக்கு இறக்கி நிறுத்தினால் முன்சீட்டில் சொட்டும். வீட்டு வாசல் மேட்டில் மூக்கு ஏற்றி நிறுத்தினால் பின்பக்கம், டிக்கியில் ஸ்டெப்னி பள்ளத்தில் தேங்கும். “சார், வண்டிய எப்படி நிறுத்துவீங்க?” என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

எது அடைக்கிறது என்பதில்தான் இந்த ஊரின் கையெழுத்து இருக்கிறது. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரித் தெருக்களில் நிழலுக்கு நிற்பவை புங்கமும் வேம்பும் தூங்குமூஞ்சியும். பங்குனி, சித்திரையில் புங்கம்பூ கொட்டினால் கார் கூரையில் பொரி கொட்டினது மாதிரி கிடக்கும். கூரையைத் திறந்து மூடும்போது பூ வாய்க்காலில் விழுகிறது. வேப்பங்காம்பும் தூங்குமூஞ்சியின் பொடி இலையும் கூடச் சேர்கின்றன. சன்ரூஃப் தண்டவாளத்தில் தடவியிருக்கும் கிரீஸ் அதையெல்லாம் பிடித்து வைக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையில் வருஷம் முழுக்க ஏதோ ஒரு பாலம், ஏதோ ஒரு தோண்டல். அந்தப் புழுதி மேலே படிகிறது. ஆடியில் ஒரு மழை பெய்து எல்லாவற்றையும் குழைத்துக் குழாய்க்குள் இறக்குகிறது. அடுத்த வெயிலில் அது காய்ந்து இறுகுகிறது. குழாயின் கீழ்முனையில் குளவி மண்கூடு கட்டியிருந்தால் முடிந்தது கதை. அடைப்பு சித்திரையில் விழுந்திருக்கும். தெரிவது ஐப்பசியில். நடுவில் ஆறு மாதம் இருப்பதால் காரணத்தையும் விளைவையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

2020இல் ஊரடங்கு முழுவதும் மரத்தடியில் அசையாமல் நின்ற கார்கள், அந்த நவம்பரில் நிவர் புயலன்று ஒழுகின. அவற்றின் குழாய்களில் நான் எடுத்தது கிட்டத்தட்ட எரு.

எப்படி எடுப்பது என்று சொல்கிறேன். ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு தம்பி வண்டி கொண்டுவந்தான். ஐ.டி. வேலை. முன்பக்க ரூஃப் லைனிங்கில் டீக்கறை மாதிரி வட்டம், காலடியில் சதசதவென்று ஈரம், கண்ணாடியெல்லாம் உள்ளே ஆவி பூத்திருந்தது. “அண்ணே, மேல ரப்பர் போயிடுச்சு. கம்பெனி சர்வீஸ்ல கண்ணாடி ஓரம் முழுக்க சிலிக்கான் அடிச்சாங்க, பில்லும் போட்டாங்க. இப்ப முன்னவிட மோசமா ஒழுகுது.” எந்த சர்வீஸ் சென்டர் என்று நான் கேட்கவில்லை. சிலிக்கானைச் சொரண்டி எடுக்கவே பாதி நாள் போனது. வாய்க்காலின் ஒரு மூலையையும் சேர்த்து அடைத்திருந்தார்கள்.

கூரையைத் திறந்து, ஈரத்துணியால் வாய்க்காலைத் துடைத்தோம். பிறகு வலது முன்மூலையில் அரை டம்ளர் தண்ணீர். என்னிடம் வேலை பழகும் பையன் கீழே சக்கரத்தடியில் குனிந்து பார்த்தான். “வருதுண்ணா, சொட்டுச் சொட்டா.” இடது மூலையில் ஊற்றினேன். அப்படியே நின்றது, அசையவில்லை. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் நரம்பை எடுத்து, நுனியை லைட்டரில் காட்டி உருண்டையாக்கினேன். கூர்நுனி குழாயைக் கிழித்துவிடும். சைக்கிள் பிரேக் ஒயரை விட்டு ஓட்டை போட்டுக் கொண்டுவந்தவர்களும் உண்டு. நரம்பை இரண்டு விரலில் உருட்டிக்கொண்டே விட வேண்டும். தூணின் வளைவில் ஒரு முட்டு. அங்கே அவசரப்படக் கூடாது. இழுத்து, உருட்டி, மறுபடி விட்டால் மெதுவாகக் கொடுக்கும். கீழே பையன் ரப்பர் மூக்கை விரலால் பிதுக்கினான். கருஞ்சாந்து போல ஒரு கட்டி விழுந்தது, அதில் ஒரு புங்கம்பூவின் காம்பு அப்படியே முழுசாக. அடுத்தது தண்ணீர், முதலில் கறுப்பாக, பிறகு செம்மண் நிறத்தில், பிறகு தெளிவாக.

காற்றடித்தால் சுலபமாயிற்றே என்று கேட்பார்கள். பஞ்சர் கடை கம்ப்ரசரை அந்தக் குழாயில் காட்டாதீர்கள். வேகத்தில் குழாய் உள்ளே எங்காவது கழன்றுகொள்ளும். பிறகு மழைத் தண்ணீர் நேராகத் தூணுக்குள் இறங்கி கார்பெட்டில்தான் விழும். மாட்ட வேண்டுமானால் ரூஃப் லைனிங்கை இறக்க வேண்டும். தூணில் காற்றுப்பை வேறு இருக்கும். கடைசியாக ஒரு ஊது வேண்டுமென்றால் சைக்கிள் பம்ப் போதும்.

குழாய் திறந்ததோடு வேலை முடியவில்லை. சீட்டுகளைக் கழற்றிக் கார்பெட்டை எடுத்தோம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். அடியில் உள்ள பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். ஓட்டுநர் காலடியில் ஓடும் ஒயர்களின் கனெக்டரைப் பிரித்தால் செம்பில் பச்சைக் களிம்பு. அதனால்தான் அந்த வண்டியில் சென்ட்ரல் லாக் தானே திறந்து தானே மூடிக்கொண்டிருந்தது. அந்தத் தம்பி அதைத் தனிக் கோளாறு என்று நினைத்து எலக்ட்ரீஷியனிடம் காசு கொடுத்திருந்தான்.

பெரிய வெள்ளங்களுக்குப் பிறகு இன்னொரு வேலை சேர்ந்துகொண்டது. 2015 டிசம்பர் 1 அன்று பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூரில் கார்கள் மிதந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே பகுதிகள். தண்ணீர் கீழிருந்து வந்ததா, மேலிருந்து வந்ததா என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள். கீழிருந்து வந்தால் கதவு அட்டையின் உள்பக்கத்திலும் சீட் பெல்ட் நாடாவிலும் ஒரே மட்டத்தில் சேற்றுக்கோடு இருக்கும். மேலிருந்து வந்தால் ரூஃப் லைனிங்கில் கறை, தூணின் உள்ளே வழிந்த தடம், சேறே இருக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் மேஸ்திரியின் பவுடர் டப்பா நினைவுக்கு வரும். தடம் படிப்பது அவர் கொடுத்த படிப்பு.

இப்போது திறக்கவே முடியாத கண்ணாடிக் கூரைகள் வருகின்றன. 2024இல் வந்த மகிந்திரா பி.இ. 6 மின்சாரக் காரில் அப்படித்தான். யூரித்தேன் பசை போட்டு, முன்கண்ணாடி ஒட்டுவது போலவே ஒட்டிவிடுகிறார்கள். தட்டு இல்லை, குழாய் இல்லை. அது ஒழுகினால் வேலை மறுபடியும் பசைக்காரர்களிடம் போகும். வழிவிடும் கூரை, அடைத்த கூரை, இரண்டையும் இனி ஒரே ஷெட்டில் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

கார் கம்பெனிகளிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வண்டியோடு கொடுக்கும் புத்தகத்தில் பாட்டுப் பெட்டிக்கு இத்தனை பக்கம் ஒதுக்குகிறீர்கள். சன்ரூஃபின் வடிகுழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஒரு படம் போடுங்கள். வருஷம் இரண்டு முறை, புங்கம்பூ உதிர்ந்து முடிந்ததும் ஒரு தரம், ஐப்பசிக்கு முன்னால் ஒரு தரம், அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லி தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை என் ஷெட்டின் பின்சுவரில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்: வண்டியின் பெயர், முன்குழாய் வெளியே வரும் இடம், பின்குழாய் வெளியே வரும் இடம், ரப்பர் மூக்கு உண்டா இல்லையா. புது மாடல் வந்தால் பையன்கள் சக்கரத்தடியில் படுத்துப் பார்த்து ஒரு வரி சேர்க்கிறார்கள். கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் ஷெட்காரர்கள் வந்து போனில் படம் பிடித்துப் போகிறார்கள். யார் வந்தாலும் பிடித்துக்கொண்டு போகலாம்.